விலை இறங்கியும் மலிவாகாத வீடு

2008-ஆம் ஆண்டின் கடைசியில் ஸ்பெயினின் கோஸ்டா பிளாங்கா கடற்கரையில் வீட்டு விலை இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இங்கிலாந்திலிருந்து அதே வீட்டை வாங்க வந்தவருக்கு, முந்தைய ஆண்டைவிட விலை கூடியிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2007 நடுவில் அங்கே 3 லட்சம் யூரோ விலையில் ஒரு வீடு இருந்ததாக வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு பவுண்டுக்குச் சுமார் 1.48 யூரோ கிடைத்தது. ஆகவே வாங்குபவர் கையிலிருந்து ஏறத்தாழ 2,03,000 பவுண்ட் போகும். 2008 டிசம்பர் கடைசியில் பவுண்ட் 1.02 யூரோவுக்கு வந்துவிட்டது. அதற்குள் வீட்டின் விலை பத்து சதவீதம் இறங்கி 2,70,000 யூரோ ஆகிவிட்டது என்றே கொள்வோம். இப்போது கொடுக்க வேண்டியது சுமார் 2,65,000 பவுண்ட். சரியட்டும், வாங்கலாம் என்று பொறுமையாகக் காத்திருந்தவர், அவசரப்பட்டு வாங்கியவரைவிட 62,000 பவுண்ட் அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டில் வீடு வாங்குகிறவர் கட்டடத்தோடு சேர்த்து அந்த நாட்டுப் பணத்தையும் வாங்குகிறார். பலருக்கு இது பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைக்கிறது. இன்னொன்றும் உண்டு. வீட்டு விலையைச் சாய்க்கும் நெருக்கடி வாங்குபவரின் சொந்த நாட்டையும் சும்மா விடுவதில்லை. ஸ்பெயினின் கட்டுமானத் தொழிலை அடித்துப்போட்ட அதே புயல் லண்டனின் வங்கிகளையும் ஆட்டிவைத்தது. 2008 அக்டோபர் தொடக்கத்தில் 5 சதவீதமாக இருந்த வட்டியை, பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2009 மார்ச்சுக்குள் 0.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. வட்டி குறைந்த நாணயத்தை வைத்திருக்க யாருக்கும் விருப்பமில்லை, பவுண்ட் சரிந்தது. அந்தக் கடற்கரையில் முன்பே குடியேறிப் பென்ஷனில் வாழ்ந்த ஆங்கிலேய முதியவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. 1,480 யூரோவாக வந்துகொண்டிருந்த 1,000 பவுண்ட் பென்ஷன், ஒன்றரை ஆண்டில் 1,020 யூரோவாகச் சுருங்கியது.

நாணயம் நொடிக்கு நொடி மாறுகிறது. வீட்டு விலை மட்டும் ஏன் ஆமையாக நகர்கிறது? பொருளியலாளர்கள் டேவிட் ஜெனிசோவும் கிறிஸ்டோபர் மேயரும் 1990-களின் பாஸ்டன் நகரத்து அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், மற்றவர்களைவிடக் கூடுதல் விலை கேட்டார்கள். வீடு விற்க அதிக நாளும் ஆயிற்று. “போட்ட காசாவது வரட்டும்” என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே மனம்தான் பாஸ்டனிலும். ஆகவே சந்தை சரியும்போது முதலில் விலை இறங்குவதில்லை, விற்பனை நிற்கிறது. காத்திருந்து களைத்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிவர, விலை ஆண்டுக்கணக்கில் கீழே போகிறது. கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும் 1989-லேயே இதைப் புள்ளிவிவரத்தோடு காட்டியிருந்தார்கள். வீட்டு விலை இந்த ஆண்டு போன திசையிலேயே அடுத்த ஆண்டும் போக முனைகிறது. “இவ்வளவு இறங்கிவிட்டது, இனி எங்கே இறங்கப்போகிறது” என்று நினைப்பவர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்.

ஸ்பெயின் அதற்குச் சரியான சாட்சி. 2006-ல் மட்டும் அங்கே ஏழு லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு வேலை தொடங்கியது. மாட்ரிட்டுக்குத் தெற்கே செசேனியா என்னும் ஊரின் வெட்டவெளியில் 13,500 வீடுகளுக்குத் திட்டமிட்டு, பாதிகூடக் கட்டி முடிக்காமல் விட்டார்கள். 2012 இறுதியில், வங்கிகளிடம் தேங்கிய வாராக்கடன்களையும் வீடுகளையும் வாங்கிக்கொள்ளவே சாரெப் என்ற தனி நிறுவனத்தை அமைக்க வேண்டி வந்தது. விலை அடிமட்டத்தைத் தொடும்போது 2014 ஆகிவிட்டது. உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போயிருந்தது.

2015 கோடையில் அந்தக் கணக்கை மறுபடி போட்டால் வியப்பு கூடுகிறது. நம் வீடு இப்போது 2 லட்சம் யூரோ. பவுண்டும் எழுந்து 1.42-ஐத் தொட்டிருந்தது. விலை சுமார் 1,41,000 பவுண்ட். 2008 இறுதியில் கேட்டதில் ஏறக்குறைய பாதி. யூரோவில் வீடு இறங்கியதோ கால்பங்குதான். மிச்சத்தை நாணயம் செய்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற பிரிட்டன் வாக்களித்ததும் பவுண்ட் மீண்டும் விழுந்தது. 2015-ல் வாங்கியவரின் வீடு, ஒரு யூரோகூட ஏறாமலே, பவுண்ட் கணக்கில் மதிப்புக் கூடியது. இதை முன்கூட்டியே கணித்து வாங்கினேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அது அதிர்ஷ்டம்.

கணக்கில் அடங்காத ஒன்று சட்டம். ஆண்டலூசியாவின் வேரா நகரில் ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தம்பதி நகராட்சி அனுமதியோடு கட்டிய வீட்டை, அந்த அனுமதியே செல்லாது என்று சொல்லி 2008 ஜனவரியில் இடித்தார்கள். நாம் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல் அங்கே ‘நோட்டா சிம்ப்லே’ என்ற பதிவகத் தாள் உண்டு. வீட்டின் மேல் அடமானம் இருந்தால் அது காட்டிவிடும். ஆனால் வேராவில் வினை வந்தது அடமானத்தால் அல்ல, கட்டட அனுமதியால். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் நகராட்சிக்குப் போய் அந்தக் கோப்பையும் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

மலிவான வீட்டின் பழைய சொந்தக்காரர் எங்கே போனார் என்பதையும் கேட்க வேண்டும். 2013 தொடக்கத்தில் ஸ்பெயினில் வேலையின்மை 27 சதவீதத்தை எட்டியது. தவணை கட்ட முடியாதவரின் வீட்டை வங்கி எடுத்துக்கொண்ட பிறகும், அதன் மதிப்புக்கு மேற்பட்ட கடன் அவர் தலையிலேயே நின்றது. அதே 2013-ல், 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு வசிப்பு உரிமை தரும் சட்டம் வந்தது. கடனில் மூழ்கிய நாட்டுக்குப் பணம் தேவைப்பட்டது என்பது புரிகிறது. இருந்தாலும், ஒருவர் வெளியேற்றப்படும் தெருவிலேயே இன்னொருவருக்கு விசாவோடு வீடு கிடைத்ததை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னாளில் நகரங்களில் வாடகையும் விலையும் உள்ளூர்க்காரர்களின் கைக்கு எட்டாமல் போக, அரசே அந்த வழியை அடைத்தது. வெளிநாட்டவர் இன்னும் அங்கே வீடு வாங்கலாம்; ஆனால் 2025 ஏப்ரல் 3 முதல் அதைக் காட்டிப் புதிதாக வசிப்பு உரிமை கேட்க முடியாது.