நடுங்கும் ஸ்டீயரிங்

விடுமுறை தொடங்கியதும் நாகபுரியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில, சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்படுகின்றன. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஐதராபாத், கர்நூல், பெங்களூரு வழியாகச் சேலத்துக்கும் மதுரைக்கும் நம்மைக் கொண்டுசேர்க்கிறது. நகரத் தெருக்களில் அமைதியாக ஓடிய காரின் ஸ்டீயரிங், நெடுஞ்சாலையில் வேகம் 90 கிலோமீட்டரைத் தொட்டவுடன் நடுங்கத் தொடங்குவதுண்டு. (ஸ்டீயரிங்கைத் தமிழில் திசைமாற்றி என்பர். பட்டறையில் அச்சொல்லைக் கூறினால் விளங்குவது அரிது. ஆதலால் இங்கு வழக்குச் சொல்லையே ஆள்கிறோம்.)

“சாலை சரியில்லை” என்று பெரியவர்கள் கூறிவிடுவார்கள். சாலைதான் காரணமெனில், நல்ல சாலை வந்ததும் நடுக்கம் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையெனில் குறை வண்டியில் உள்ளது. அது எவ்வுறுப்பில் உள்ளது என்பதை அறிய, நடுக்கம் எப்போது வருகிறது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் தோன்றி, 100ஐ ஒட்டி மிகுந்து, வேகம் குறைந்ததும் மறையும் நடுக்கத்திற்குப் பெரும்பாலும் சக்கரத்தின் எடைச் சமநிலைக் குறைவே காரணம். டயரும் ரிம்மும் சுற்றிலும் ஒரே எடையுடன் இருத்தல் வேண்டும். ரிம்மின் ஓரத்தில் ஓரிடம் மட்டும் 20 கிராம் கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் காரின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 15 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அவ்வெடை சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கிறது. வேகம் இருமடங்கானால் இவ்விழுவிசை நான்கு மடங்காகும். ஆகவே 40இல் கைக்குத் தெரியாத அந்த 20 கிராம், 100இல் மூன்று கிலோ எடைக்கும் மேற்பட்ட விசையுடன் இழுக்கிறது. ஊஞ்சலை உரிய கணத்தில் தள்ளத் தள்ள அது உயர எழுவதுபோல, சக்கரத்தின் துடிப்பு வண்டியின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் உச்சத்தை அடைகிறது. அவ்வேகத்தைக் கடந்தால் சற்றுத் தணிவதும் உண்டு.

இதற்கு ‘வீல் பேலன்சிங்’ செய்வர். சக்கரத்தைக் கழற்றி ஓர் இயந்திரத்தில் சுழலவிட்டு, அது காட்டும் இடத்தில் சிறு எடைத்துண்டுகளை ரிம்மில் பொருத்துவர். மழைக்காலத்தில் ரிம்மின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்த சேறும் இதே நடுக்கத்தைத் தரும். அதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். ‘வீல் அலைன்மென்ட்’ என்பது வேறு. வண்டி ஒருபக்கம் இழுத்தாலோ டயர் ஒருபுறமாகத் தேய்ந்தாலோ செய்வது அது. எடைக் குறையைத் தீர்க்காது.

முன்சக்கரத்தின் குறை ஸ்டீயரிங்கில் தெரியும். பின்சக்கரத்தின் குறை இருக்கையிலும் தரையிலும் தெரியும். ஆதலால் பின்னிருக்கையில் அமர்ந்த நீங்களும் நல்ல சாட்சிகளே. பிரேக்கை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால், பிரேக் டிஸ்க்கின் பரப்பு சீராக இல்லை என ஐயுறலாம்.

எல்லா வேகத்திலும் நிகழ்ந்து, நேரம் செல்லச் செல்ல வளரும் நடுக்கமே அஞ்சத்தக்கது. ஒருமுறை நாங்கள் தெற்கு நோக்கிச் சென்றபோது, அடிலாபாத்துக்கு அருகில் ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்னர் ஸ்டீயரிங் நடுங்கிற்று. ஐதராபாத்தில் பேலன்சிங் செய்துகொள்ளலாம் என்று நானே கூறினேன். சற்று நேரத்தில் பின்னிருந்து என் மகள், “அம்மா, மெதுவாகப் போனாலும் ஆடுகிறதே” என்றாள். வண்டியை ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தோம். டயரின் உட்பக்கச் சுவரில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் இருந்தது. வெளியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. ரப்பருக்குள் இருக்கும் இழைகள் அறுந்த இடத்தில் காற்று பிதுங்கி நிற்பதே அவ்வீக்கம். அத்தகைய டயர் எக்கணமும் வெடிக்கலாம்; அதை ஒட்டிச் சரிசெய்ய இயலாது. மாற்றுச் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு அடுத்த ஊர்வரை மெல்லச் சென்றோம். சக்கரத்தின் நட்டுகள் தளர்ந்திருந்தாலும் இவ்வாறே நடுங்கும். அப்போதும் உடனே நிறுத்தி முடுக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் “ஸ்டீயரிங் நடுங்குகிறது” என்று மட்டும் கூறினால், அவர் ஊகித்து உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றக்கூடும், செலவு நம்முடையது. “90 முதல் 110 வரை நடுங்குகிறது, பிரேக் போடாதபோதும் நடுங்குகிறது, இருக்கை அதிரவில்லை” என்று கூறினால், அவர் முதலில் முன்சக்கரங்களைக் கழற்றுவார்.