நான்காம் விரல்

படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு ஒன்று செய்து பாருங்கள். உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். கட்டைவிரல் எழும், ஆட்காட்டி விரல் எழும், சுண்டுவிரல்கூட எழும். மோதிர விரல் மட்டும் ஒட்டவைத்தது போலக் கிடக்கும். விரல்களை மேலே இழுக்கும் தசைநாண்களைப் புறங்கையில் குறுக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று பிணைத்திருக்கின்றன. நடுவிரல் மடங்கியதும் அந்தப் பட்டை மோதிர விரலை எழவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

பியானோ வகுப்பில் இதற்கு நான்காம் விரல் என்று பெயர். எண்ணிக்கை கட்டைவிரலிலிருந்து தொடங்கும். ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பெரியவரும் ஒரே மாதிரித் திணறுவது இந்த விரலில்தான். விரலை வலுப்படுத்தக் கருவி மாட்டிக்கொண்டு பயிற்சி செய்ததாகச் சொல்லப்படும் ராபர்ட் ஷூமான், வலக்கை விரல் செயலிழந்து, பியானோ கலைஞராகும் ஆசையையே விட்டார். பிறகு இசையமைப்பாளராக நின்றார். நல்ல ஆசிரியர் அந்த விரலோடு மல்லுக்கு நிற்பதில்லை. மணிக்கட்டைச் சற்றே சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொல்வார். கையின் எடை அந்த விரலின் மேல் இறங்கி, பியானோவின் கட்டை தானே அமிழும்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த விரல் நினைவுக்கு வந்தது. மணிமுத்தாற்றிலிருந்து மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் விரியும். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் ஒரு நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிய நிலம். அந்தப் பெண்கள் கிள்ளியது இரண்டு இலை, ஒரு கொழுந்து. இடக்கை ஒரு கிளையில், வலக்கை வேறொரு கிளையில். இரண்டும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை பார்த்தன. கண்ணோ இரண்டையும் விட்டுவிட்டு, அடுத்துக் கிள்ள வேண்டிய இடத்தில் இருந்தது. பியானோ மாணவர் முதல் ஆண்டு முழுவதும் பாடுபட்டுக் கற்பதும் இதைத்தான். கண் அடுத்த வரியில், கைகள் தத்தம் வழியில்.

ஆனால் அந்த மலைக்குப் பியானோவைக் கொண்டுபோவது லேசான காரியமில்லை. தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு நீர்விட்டுக்கொள்ளும் ஈரக்காற்று அது. பியானோவுக்குள் ஏறத்தாழ 230 கம்பிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 18 முதல் 20 டன் எடைக்கு நிகர். இரும்புச் சட்டம் அதைத் தாங்கிக்கொள்கிறது. கம்பியின் அதிர்வை நம் காதுக்குப் பெரிதாக்கித் தருவதோ, ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒலிப்பலகை. ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் செய்தது, லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து, இழைக்குக் குறுக்காக வீங்கும். வளைவு கூடும். பலகைமேல் நிற்கும் தாங்கிகள் கம்பிகளை மேலே தள்ளும். இழுவிசை ஏறி, சுருதியும் ஏறும். கோடையில் எல்லாம் தலைகீழ். எல்லாக் கம்பிகளும் ஒரே அளவில் மாறினால்கூடப் பரவாயில்லை. நடுஸ்தாயி அதிகமாகவும் ஓரங்கள் குறைவாகவும் நகர்வதால் பியானோ தன்னோடு தானே ஒத்துப்போகாமல் ஆகிவிடுகிறது. வெப்பநாட்டு வீடுகளில் இதற்கு எளிய வைத்தியம் ஒன்று உண்டு. பெட்டிக்குள் ஒரு சிறு குண்டு பல்பை எரியவிட்டு, உள்ளேயிருக்கும் ஈரத்தை விரட்டுவது.

இவ்வளவு பெரிய எந்திரத்தில் வாசிப்பவரின் கையில் இருப்பது எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. 1700-ஐ ஒட்டி இத்தாலியில் பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி செய்த ஏற்பாடு இன்றும் அதன் உயிர். கட்டை ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது. அதற்குள் கம்பளிச் சுத்தியல் கட்டையைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகம் எடுத்து, கடைசிக் கணத்தில் கட்டையிலிருந்து விடுபட்டு, எறிந்த கல்லைப்போலத் தனியே பறந்து கம்பியைத் தொடுகிறது. சில மில்லி விநாடியில் திரும்பிவிடுகிறது. அந்த இடைவெளியில் விரல் எதையும் மாற்ற முடியாது. வீணையிலோ வயலினிலோ ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்வரத்தை அசைத்துக் கமகம் தரலாம். இங்கே அதற்கு வழியில்லை. எறியும் வேகமும் எறியும் நேரமும் மட்டுமே நம்முடையவை. ஆகவே பியானோ ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பார்ப்பதைவிட அதிகமாக ஒலியைக் கேட்கிறார். ஒவ்வொரு கையும் எறிவது ஒவ்வொரு மாதிரி. ஒருவருக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுப்பது இந்தக் கருவிக்கு இவ்வளவு பொருந்துவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஏழு வயதுக்கு முன் இசை கற்கத் தொடங்கியவர்களுக்கு, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலத்தின் முன்பகுதி பெரிதாக இருந்ததை 1995-இல் ஓர் ஆய்வு காட்டியது. இதைப் படித்துவிட்டு, காலம் கடந்துவிட்டதென்று பெரியவர்கள் மனம் தளரக்கூடும். அதே 1995-இல் அல்வாரோ பாஸ்குவல் லியோனே என்ற நரம்பியலாளர் வெளியிட்டதையும் அவர்கள் கேட்க வேண்டும். பியானோவே தொட்டறியாத பெரியவர்களை நாளுக்கு இரண்டு மணி நேரம், ஐந்து நாள், ஐந்து விரல் பயிற்சி செய்ய வைத்தார். மூளையில் விரல்களுக்கான இடம் விரிந்தது. இன்னொரு குழுவினர் கட்டையை அழுத்தவே இல்லை, மனத்தில் மட்டும் வாசித்தார்கள். அவர்களுக்கும் விரிந்தது! வாசிக்கச் சொன்னபோது, ஐந்தாம் நாளில் அவர்களுடைய கை, உண்மையாக வாசித்தவர்களின் மூன்றாம் நாள் நிலையில் இருந்தது. பியானோ இல்லாத ஊர்ப் பிள்ளை பலகையில் கட்டைகளை வரைந்துகொண்டு பழகினால் சிரிக்காதீர்கள்.

அமெரிக்காவில் நடந்து 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 60 முதல் 85 வயது வரையிலானவர்களுக்கு ஆறு மாதம் தனித்தனியே பியானோ கற்றுக்கொடுத்தார்கள். கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறனைச் சோதிக்கும் தேர்வில் அவர்கள் முன்னேறினார்கள். சிறிய ஆய்வுதான், கற்றவர்களும் கற்காதவர்களுமாக மொத்தம் 31 பேர். இருந்தாலும் கதவு திறந்திருப்பதைக் காட்டியது.

நம் ஊரில் இதற்கு ஆய்வுகூடத் தேவைப்படவில்லை. மேற்கு மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து 1968-இல் சென்னை வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும் பியானோவும் கற்கத் தொடங்கியபோது வயது இருபத்தைந்தை ஒட்டி. ஆர்மோனியம் கைப்பழக்கம் இருந்தது, மேற்கத்திய இசைக்குறிப்பு புதிது. பின்னாளில் அதே மாஸ்டரிடம் சிறுவனாக வந்து கற்றவர் ஏ.ஆர்.ரகுமான். ஒரே ஆசிரியர், இரண்டு வயதுகள்.

2024-இல் மாஞ்சோலையில் தோட்ட வேலை நின்றது. பல குடும்பங்கள் மலையிறங்கின. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த கைகள் அவற்றில் இருக்கின்றன. பேத்தியின் கீபோர்டு முன்னால் அப்படியொரு ஆச்சி உட்கார்ந்தால், இரண்டு கையையும் தனித்தனியே இயக்குவதை அவருக்கு அடியிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்காது என்றே நம்புகிறேன். நான்காம் விரலில் மட்டும் ஆச்சியும் பேத்தியும் சேர்ந்தே திணறுவார்கள்.