மலை வீட்டில் நிலையும் சுவரும்

பெருநாளோ திருமணமோ நெருங்கும்போதுதான் வீட்டைச் செப்பனிடும் எண்ணம் நம்மில் பலருக்கு எழுகிறது. மருமகள் வரப்போகிறாள், ஈரம் பூத்த பழைய சுவர் அவள் கண்ணில் படலாகாது, அதன்மேல் ஜிப்சம் பலகை அடித்து வண்ணம் பூசிவிடலாம் என்று முடிவு செய்கிறோம். சமவெளியில் இது ஓரளவு ஒப்பேறக்கூடும். உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையிலுள்ள பைக்காராவில் ஒப்பேறாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் இடம் அது. அந்த நீர்வளத்தை நம்பித்தான் 1932-இல் பைக்காரா மின் நிலையமே இயங்கத் தொடங்கியது!

ஆகவே வாசகர்களே, பலகை வாங்கும் முன் வீட்டின் பின்புறம் சென்று பாருங்கள். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவரை ஒட்டியே மண் நிற்கும். அந்த மண்ணை விலக்கி வடிகால் வெட்டாமல் உள்ளே பலகை அடிப்பது புண்ணை ஆற்றாமல் கட்டுப் போடுவதைப் போன்றது. ஜிப்சம் பலகையின் இருபுறமும் இருப்பது காகிதம். ஈரம் பட்ட காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். உள்ளிருக்கும் ஜிப்சம் இளகும். ஈரம் தாங்கும் பச்சை நிறப் பலகையும் நீர் ஊறும் சுவருக்கு மருந்தாகாது.

சுவர் உலர்ந்துவிட்டது என்றே கொள்வோம். அடுத்த சிக்கல் கதவு நிலை. தகரச் சட்டம் அடித்து, அதன்மேல் 12.5 மில்லிமீட்டர் பலகையைப் பொருத்தினால் சுவர் ஏறக்குறைய இரண்டு அங்குலம் முன்னே வந்துவிடும். நிலையோ பழைய இடத்திலேயே உள்ளடங்கி நிற்கும். நிலையைப் பெயர்த்தெடுக்கலாம் என்பார் கொத்தனார். இணங்காதீர்கள். நிலையைச் சுவரோடு பிணைத்திருக்கும் இரும்புப் பட்டைகள் வெளிவரும்போது சுவரும் உடன் பெயரும். குறைபடும் அளவுக்கு மரச் சட்டம் இழைத்து, பழைய நிலையோடு திருகாணியால் முடுக்குவதே சிக்கனமான வழி.

இங்கே ஒன்றைப் பலர் மறந்துவிடுகின்றனர். புதுச் சுவரின் பக்கமாகத் திறக்கும் கதவானால், நீட்டிய சட்டத்தில் இடித்துப் பாதியிலேயே நின்றுவிடும். கட்டிலும் பீரோவும் உள்ளே போக வேண்டிய அறையாயிற்றே! எனவே கீலையும் புதுச் சட்டத்திற்கு மாற்ற முடியுமா என்று ஆசாரியிடம் முன்கூட்டியே கேளுங்கள். முடியுமெனில் அச்சட்டம் கெட்டி மரமாக இருத்தல் வேண்டும். நிலை சாய்ந்திருக்கிறதா என்பதைத் தூக்குக் குண்டு காட்டிவிடும். மூலைக்கு மூலை குறுக்காக இருமுறை அளந்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கோவையில் செய்வித்துக் கொண்டுவரும் மரம் மலையின் ஈரத்தைக் குடித்து அகலவாட்டில் உப்பும். சில வாரங்கள் வீட்டிற்குள்ளேயே கிடத்திய பின் பொருத்துங்கள். அடைமழையில் கதவு இறுகிவிட்டதென்று உடனே இழைத்துத் தள்ளினால், கோடையில் விரல் நுழையும் இடைவெளி தெரியும். மரம் அசையும், பலகை அசையாது. ஆதலால் இரண்டும் சேருமிடத்தில் பட்டி பூசினால் ஓராண்டிற்குள் வெடிக்கும். நெகிழும் பசையால் இடைவெளியை அடைத்து, மேலே மெல்லிய மரப்பட்டை அடித்துவிடுங்கள்.

ஒளுச் செய்யும் குழாயருகே மட்டும் ஜிப்சம் பலகையே வேண்டாம். நாளுக்கு ஐந்து வேளை தண்ணீர் தெறிக்கும் இடம் அது. அங்கே சிமெண்ட் பூச்சும் ஓடுமே ஏற்றவை. மற்ற இடங்களிலும் பலகையின் அடிவிளிம்பு தரையைத் தொடாமல் அரை அங்குலம் உயர்ந்தே நிற்கட்டும். தரையைக் கழுவிவிடும் நம் வீட்டுப் பெண்களிடம் இதையும் சொல்லி வையுங்கள்.