பிரிந்தவர்கள் கூடிய மேடை

2025-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி, சனிக்கிழமை. பயங்கரவாதம் குறித்த இந்தியாவின் நிலைப்பாட்டை உலக நாடுகளுக்கு எடுத்துரைக்க அனைத்துக் கட்சி எம்.பி.க்கள் அடங்கிய ஏழு குழுக்களை அனுப்புவதாக மத்திய அரசு அறிவித்த நாள். நாடாளுமன்றச் செய்தி சேகரிக்கும் நிருபர்கள் எவருக்கும் தில்லியில் அன்று மூச்சுவிட நேரம் இருந்திருக்காது. நானோ இரண்டு மாதங்களுக்கு முன்பே வாங்கிய விடுப்பில், மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தின் வாயிலில், வியர்வை வழிய நீண்ட வரிசையில் நின்றிருந்தேன். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது.

அன்று அங்கே மேடையேறவிருந்தது அமெரிக்காவின் 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' ராக் இசைக் குழு. 1985-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் தொடங்கிய இக்குழுவின் முதல் இசைத் தொகுப்பு 1987-இல் வெளிவந்து, உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்றது. பாடகர் ஆக்சல் ரோஸ், உயர்ந்த கருந்தொப்பி அணிந்த கிதார் கலைஞர் ஸ்லாஷ், பேஸ் கிதார் வாசிக்கும் டஃப் மெக்கேகன் ஆகிய மூவரும் ஒரே மேடையில் தோன்றிய நிகழ்ச்சிகள் 1993 ஜூலையில், ஆர்ஜென்டீனத் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் முடிவுக்கு வந்தன. 1996-இல் ஸ்லாஷ் விலகினார். அடுத்த ஆண்டு மெக்கேகனும் வெளியேறினார்.

என் தலைமுறைக்கு இதில் ஒரு விசித்திரம் உண்டு. கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவன் கொடுத்த, உறை கிழிந்த கேசட் மூலமாகத்தான் இவர்களின் பாடல்கள் எனக்கு அறிமுகமாயின. ஆங்கிலப் பாடலில் பாதிச் சொற்கள் விளங்காது. கிதார் மட்டும் முழுதாக விளங்கிற்று. அந்தக் குழு கலைந்துவிட்டது என்பதே எங்களுக்குப் பின்னர்தான் தெரியும். கலைந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவர்கள் நாங்கள்.

உண்மையில் குழு கலையவில்லை என்று ஆக்சல் ரோஸ் சொல்லியிருப்பார். ஒப்பந்தங்களின்படி பெயரின் உரிமை அவரிடமே தங்கியது. புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் அவர் தொடர்ந்தார். பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுத்தடித்து, 2008-இல் ஒரு தொகுப்பையும் வெளியிட்டார். 2012 டிசம்பரில் இந்த அணிதான் இந்தியா வந்தது. பெங்களூர், மும்பை நிகழ்ச்சிகளுக்குப் பிறகு 12-ஆம் தேதி தில்லியை அடுத்த குர்காவ்னில் பாடியது. அப்போது குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. அலுவல் முடித்து நேராக அங்கே சென்றேன். பாடல்கள் எல்லாம் இருந்தன. கிதார் வாசித்தவரின் தலையிலும் ஒரு தொப்பி இருந்தது. குறை சொல்ல முடியாத வாசிப்பு. ஆனாலும் ஏதோ ஒரு திருமண வரவேற்பில், மணமக்கள் வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதுபோல் வீடு திரும்பினேன்.

கட்சிப் பிளவுகளைப் பற்றி எழுதிப் பழகிய கைக்கு இந்த வழக்கு புதிதன்று. உண்மையான கட்சி எது என்ற கேள்வி எழுந்தால், 1968-ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணையின் 15-ஆவது பத்தியைப் புரட்டித் தேர்தல் ஆணையம் முடிவு சொல்லும். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் சேவலும் இரட்டைப் புறாவும் மோதியதைத் தமிழக வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த இரு அணிகளும் தோல்விக்குப் பின் சில வாரங்களிலேயே இணைந்து சின்னத்தை மீட்டன. இசைக் குழுக்களுக்குத் தேர்தல் ஆணையம் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. பெயர் ஒருவரிடமும், ரசிகர்களின் ஏக்கம் மற்றவர்களிடமுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

அந்த ஆண்டுகளில் பேசப்பட்டவை சாதாரண வார்த்தைகள் அல்ல. 2009-இல் ஒரு பேட்டியில் ஸ்லாஷைப் புற்றுநோய் என்றே வர்ணித்தார் ஆக்சல் ரோஸ். 2012-இல் ராக் இசைக்கான புகழ்மண்டபத்தில் பழைய குழு சேர்க்கப்பட்டபோது, அந்தக் கௌரவம் வேண்டாம் என்று பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டு விழாவுக்குப் போகாமல் இருந்தார். மீண்டும் இணைவீர்களா என்று கேட்டதற்கு, இந்த ஜென்மத்தில் நடக்காது என்று பதிலளித்தார். பிறகு நடந்தது. 2016 ஏப்ரல் 1-ஆம் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு சிறிய அரங்கில் மூவரும் மேடையேறினர். தொடர்ந்த உலகப் பயணத்துக்கு 'இந்த ஜென்மத்தில் நடக்காது' என்றே பெயர் சூட்டினார்கள். வசூல் 50 கோடி டாலரைத் தாண்டியது. மனமாற்றத்துக்குக் காரணம் பாசமா, பணமா என்று விவாதிப்பவர்கள் இன்றும் உண்டு. கூட்டணிகளைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில், இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரையும் நான் சந்தித்ததில்லை.

மும்பைக்கு வந்த பயணத்துக்கோ, விரும்புவதும் கிடைப்பதும் முற்றிலும் வெவ்வேறு என்று பொருள்படும் ஒரு நீண்ட பெயர். டிக்கெட் விலையை வீட்டில் முழுமையாகச் சொல்லாத என்னைப் போன்றோருக்கு அது எச்சரிக்கையாகவே பட்டது.

எல்லையில் சண்டை நின்று ஒரு வாரமே ஆகியிருந்தது. நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஐ.பி.எல். கிரிக்கெட்டும் அதே மாலையில்தான் பெங்களூரில் மீண்டும் தொடங்கவிருந்தது. மழை அதையும் விடவில்லை. மகாலட்சுமியில் திரண்ட கூட்டத்தில் நரைத்த தலைகள் அதிகம். பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்தவர்கள் பலர். எனக்கு அருகில் ஷில்லாங்கிலிருந்து மகனுடன் வந்திருந்த வங்கி அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். வடகிழக்கு மாநிலங்களில் ராக் இசை மாநகரத்தாரின் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. ஷில்லாங்கில் லூ மஜாவ் என்ற பாடகர் 1972 முதல் ஆண்டுதோறும் பாப் டிலனின் பிறந்தநாளுக்கு இசை விழா நடத்தி வருகிறார். பழைய குழுவின் ஐவரில் இருவர், கிதார் கலைஞர் இஸ்ஸி ஸ்ட்ராட்லினும் டிரம்ஸ் வாசித்த ஸ்டீவன் ஆட்லரும், இந்த இணைப்பில் இடம்பெறவில்லை என்பதை அந்த அதிகாரி மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, பாதிப் பாடல்களின் கரு இஸ்ஸியுடையது என்று ஆதங்கத்துடன் முறையிட்டார். மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

ஆக்சல் ரோஸுக்கு 63 வயது. உச்சஸ்தாயியில் குரல் மெலிந்து, சில இடங்களில் காற்றாகவே வெளிவந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அவர் சறுக்கிய வரிகளைக் கூட்டமே பாடி நிரப்பியது. பியானோ முன் அமர்ந்து 'நவம்பர் ரெயின்' பாடியபோது மட்டும், குரலின் தேய்மானம் பாட்டுக்குப் பொருந்தி வந்ததாக எனக்குத் தோன்றிற்று. ஸ்லாஷின் விரல்களுக்கு வயது தெரியவில்லை. 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' பாடலின் தொடக்க இசை எழுந்த கணத்தில் வங்கி அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டார். கிழிந்த உறையுடன் இருந்த அந்தக் கேசட்டில் இதே இடத்தில் நாடா சிக்கிக் கரகரக்கும். அந்தக் கரகரப்பு இல்லாமல் இதை முதன்முதலாகக் கேட்டதுபோல் இருந்தது. குர்காவ்னிலும் இதைத்தான் வாசித்தார்கள், ஒரு சுரமும் பிசகாமல். வித்தியாசம் எங்கே என்று சொல்லச் சொன்னால் என்னால் முடியாது.

தனி வாசிப்புகளின்போது பாடகர் மேடைக்குப் பின்னால் சென்றுவிடுவார். வாசிப்பவருக்கு அந்த இடத்தை முழுதாக விட்டுக்கொடுத்து, முடிந்ததும் ஓடி வருவார். இருவரும் கட்டித் தழுவிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாற்றம்தான்.

'பாரடைஸ் சிட்டி' பாடலுடன் நிகழ்ச்சி முடிந்தது. மகாலட்சுமி ரயில் நிலையத்தை நோக்கி நகர்ந்த கூட்டத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். ஏழு குழுக்களின் தலைவர்கள் பட்டியல். திமுகவின் கனிமொழி இருந்தார். காங்கிரஸ் கொடுத்த பெயர்களில் இடம்பெறாத சசி தரூர் இருந்தார். அது தனிச் சர்ச்சையாகக் கிளம்பியிருந்தது. மகாராஷ்டிரத்திலிருந்து இருவர்: சிவசேனையின் ஸ்ரீகாந்த் ஷிண்டே, தேசியவாத காங்கிரஸ் (சரத் பவார்) கட்சியின் சுப்ரியா சுலே. ஒருவர் பிளவுக்குப் பின் சின்னத்தைப் பெற்ற அணி. மற்றவர் வேறொரு பிளவில் சின்னத்தை இழந்த அணி.

விடுப்பில் இருப்பவரிடம் கேட்கக் கூடாதுதான், பின்னணிக் குறிப்பு நான்கு பத்தி கிடைக்குமா என்று அலுவலகம் கேட்டிருந்தது. நடைமேடையில் இடம் தேடி உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். காதில் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை.