மங்கும் கண்ணும் குறையும் கூலியும்

நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து தோன்றுவது சரீரத்தின் இயற்கை. கண்ணிலுள்ள லென்ஸ் தன் நெகிழ்ச்சியை இழந்து இறுகிவிடுவதால், கிட்டத்திலுள்ள பொருள் தெளிவாகத் தெரியாமற்போகிறது. புத்தகம் படிக்காத உழைப்பாளிக்கு இதனால் என்ன நஷ்டம் என்று எண்ணுபவர்கள், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

கொழுந்து பறிப்பது கண்ணும் விரலும் சேர்ந்து உழைக்கும் தொழில். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகிய இளந்தளிரை முற்றிய இலைகளினின்றும் பிரித்தறிந்து கணப்பொழுதில் கிள்ளியாக வேண்டும். 2017-ஆம் ஆண்டில், வெள்ளெழுத்துள்ள 751 தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனேயும் மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பின்னரும் மூக்குக் கண்ணாடி வழங்கினார்கள். கண்ணாடி அணிந்தவர்கள் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்து 25 கிலோவிலிருந்து ஏறக்குறைய 35 கிலோவாக உயர்ந்தது. அணியாதவர்களும் 26 கிலோவிலிருந்து சுமார் 31 கிலோவை எட்டினார்களாயினும், இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, கண்ணாடியின் பிரயோஜனம் மட்டும் சுமார் 22 சதவீதம் என்று தெரிந்தது. வயதின் தளர்ச்சி என்று அவர்கள் சகித்துக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு, கண்ணாடியின்மையே அன்றி வேறில்லை.

கண்புரை முற்றினாலோ நஷ்டம் ஒருவரோடு நிற்பதில்லை. பார்வை மறைந்த பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதற்காக வீட்டில் ஒருவர் வேலையையோ, ஒரு சிறுமி பள்ளியையோ விட நேர்கிறது. தடுக்கி விழுவதும் எலும்பு முறிவதும் அவருடைய உபாதைகளில் ஒரு பகுதிதான். எதிரே வருபவரின் முகம் தெரியாமல், சந்தைக்கும் கோயிலுக்கும் போவதை நிறுத்தி, ‘பிறருக்குப் பாரமானோமே’ என்று மனம் குன்றுவதை எந்தக் கணக்கிலும் எழுத இயலாது. எழுதக்கூடியதை மட்டும் எழுதினாலும், பார்வைக் குறைவினால் உலகம் ஆண்டுதோறும் இழக்கும் உற்பத்தியின் மதிப்பு சுமார் 41,100 கோடி டாலர் என்று 2021-இல் வெளியான லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை மதிப்பிட்டது.

இத்தனை பெரிய நஷ்டத்தின் பெரும்பகுதிக்குப் பரிகாரம் ஒரு மூக்குக் கண்ணாடியும், சில நிமிஷங்களில் முடியும் புரை அறுவைச் சிகிச்சையுமே. ஆகையால் கண் பரிசோதனையைத் தர்மகாரியமாக மட்டும் கருதாமல், கூலியையும் ஓய்வையும் போலவே உழைப்பாளியின் உரிமையாகக் கருதி, தோட்டத்துக்கும் வயலுக்கும் தறிக்கூடத்துக்கும் அதைக் கொண்டு செல்வது சமூகத்தின் கடமை.