பழமணமும் பூமணமும் கலந்த மென்மையான சென்ட்

அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் தினமும் பூசிக்கொள்ள ஏற்ற சென்ட் வகைகளில் பழமும் பூவும் கலந்த மணத்துக்குத் தனி இடம் உண்டு. தெளித்தவுடன் ஆப்பிள், பேரி, பீச், எலுமிச்சை போன்ற பழச்சாயல் எழும். சற்று நேரத்தில் அது அடங்கி மல்லிகையோ ரோஜாவோ மேலே வரும். கடைசியில் தோலை ஒட்டி நிற்பது இலேசான கஸ்தூரி மணம் அல்லது மரமணம். 2001-இல் ஒலிவியே கிரெஸ்ப் உருவாக்கி, டோல்சே அண்ட் கபானா வெளியிட்ட ‘லைட் ப்ளூ’ இதற்கு நல்ல உதாரணம். எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் முன்னே நிற்க, மல்லிகை நடுவில் வர, சீடர் மரமும் கஸ்தூரியும் அடியில் தங்கும்.

அட்டைப்பெட்டியில் பழம் பளபளத்தாலும் உள்ளே பழச்சாறு எதுவும் இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் ஆகியவற்றின் தோலில் எண்ணெய்ப் பைகள் இருப்பதால் பிழிந்தே நறுமண எண்ணெய் எடுத்துவிடலாம். ஆப்பிளும் பீச்சும் அப்படியல்ல. அவற்றில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான். ஆகவே அவற்றின் மணம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் பிறக்கிறது. பீச் மணத்தைத் தருவது காமா அன்டெகாலாக்டோன். தொழிலில் இதை ‘ஆல்டிஹைடு சி-14’ என்கிறார்கள். உண்மையில் இது ஆல்டிஹைடே அல்ல. 1919-இல் கெர்லான் நிறுவனத்தின் ‘மிட்சுகோ’ இதைக் கொண்டே புகழ்பெற்றது.

பூவின் கதை வேறு. மல்லிகையிலிருந்து மணத்தை நேரடியாகவே எடுக்க முடியும். தமிழ்நாட்டின் மல்லிகையும் பிச்சியும் இதற்காகவே ஆலைகளுக்குப் போகின்றன. மல்லிகை மொட்டு அந்தியில் விரிந்த பிறகுதான் முழு மணத்தையும் விடும். விரிந்த பூவை ஹெக்சேனில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் ‘கான்கிரீட்’ எனப்படும் மெழுகு போன்ற பொருள் கிடைக்கும். அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகையும் பிறகு ஆல்கஹாலையும் நீக்கினால் மிஞ்சுவது ‘அப்சல்யூட்’. ஒரு கிலோ அப்சல்யூட்டுக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும் என்பதால் விலை கூரையைத் தொடும்.

அசல் மல்லிகைச் சாற்றில் இண்டோல் என்ற கனத்த மணப்பொருளும் இருக்கிறது. மூடிய அறையில் மல்லிகைச் சரத்தோடு தூங்கியவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். மென்மையான சென்டுகளில் அதைக் குறைத்து, ஹெடியோன் போன்ற செயற்கைப் பொருளைச் சேர்க்கிறார்கள். மல்லிகையின் காற்றோட்டமான பகுதியை மட்டும் நினைவூட்டும் இந்தப் பொருள், 1966-இல் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா உருவாக்கிய ‘ஓ சவாஜ்’ மூலம் பெயர் பெற்றது.

இவ்வகை சென்டுகள் பல ‘ஓ டி டாய்லட்’ அளவில் வருகின்றன. அதில் மணப்பொருள் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம்; மீதி பெரும்பாலும் ஆல்கஹாலும் கொஞ்சம் தண்ணீரும். எலுமிச்சை, ஆப்பிள் மணம் தரும் சிறிய மூலக்கூறுகள் சீக்கிரம் ஆவியாகிவிடும்; கனமான கஸ்தூரி மூலக்கூறுகள்தான் தங்கும். காலையில் பூசியது மதியத்துக்குள் மங்கினால் சரக்கு மட்டம் என்று கோபிக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் இன்னும் விரைவாகவே போகும். உலர்ந்த தோலைவிட, மாய்ஸ்சரைசர் பூசிய தோலில் கூடுதல் நேரம் நிற்கும். துணியில் அதைவிட நீடித்தாலும், பட்டில் கறை விழலாம்.

புட்டியை வெயில்படும் ஜன்னலோரத்தில் வைக்கக்கூடாது. வெப்பமும் ஒளியும் காற்றும் பட்டால் எலுமிச்சை வகை எண்ணெய்களில் உள்ள லிமோனீன் ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படி மாறிய பொருள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தரும். நாள்பட்டு நிறம் கருத்து, முதல் வாடை காறலாக அடிக்கும் சென்டை உடம்பில் பூசாமல் விடுவதே நல்லது.