ரோடியர் ஆலை யாருக்கு?

புதுவை நகரின் தெற்கே கடலூர்ச் சாலை வழியாகச் செல்வோர், நீண்ட மதிலுக்கு அப்பால் ஓசையடங்கிக் கிடக்கும் ஒரு பெரிய பஞ்சாலையைக் காண்பர். பழையவர்கள் அதை ரோடியர் மில் என்பர், இளைஞர்கள் ஏ.எப்.டி. என்பர். 1898ஆம் வருஷத்தில் ஏற்பட்ட அந்த ஆலை 2020ஆம் வருஷம் ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. அக்கட்டடம் இனி எதற்குப் பயன்பட வேண்டும் என்பதே இன்று நம் முன் நிற்கும் கேள்வி. இது வெறும் நில விவகாரம் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

நெசவு புதுவையின் பரம்பரைத் தொழில். 'கினே' என்னும் நீலத் துணி இங்கிருந்துதான் ஆப்பிரிக்காவிலுள்ள செனெகல் தேசத்துக்குக் கப்பலேறிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இங்கே யந்திர ஆலை தோன்றியது. காலக்கிரமத்தில் சவானா, ரோடியர், கெப்ளே என்ற மூன்று ஆலைகளும் இவ்வூர் ஜீவனத்தின் தூண்களாயின. ஆலைச் சங்கின் ஒலியே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் காலத்தைக் காட்டிற்று.

அந்தச் சங்கு எத்தனை மணிக்கு ஒருமுறை ஊதவேண்டும் என்பதற்காகச் சிந்திய இரத்தத்தை நாம் மறக்கலாகாது. 1936ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பாரிஸில் லியோன் பிளும் தலைமையில் மக்கள் முன்னணி மந்திரிசபை அமைந்து, பிரான்ஸ் தேசத் தொழிலாளருக்கு வாரத்துக்கு 40 மணி வேலை என்று சட்டம் செய்தது. அதே குடியரசின் கொடி பறந்த புதுவையில், நாளொன்றுக்கு 8 மணி வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்ட தொழிலாளருக்குத் துப்பாக்கிக் குண்டே விடையாயிற்று. ஜூலை 30ஆம் தேதி 12 தொழிலாளர் மாண்டனர். வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக, 1937ஆம் வருஷத்தில் 8 மணி வேலை பிரஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. பிரிட்டிஷ் இந்தியாவிலோ 1934ஆம் வருஷத்துச் சட்டம் அப்போது 10 மணி வேலையை அனுமதித்துக்கொண்டிருந்தது. தேசம் முழுவதும் பின்னர் பெற்ற உரிமையைப் புதுவைத் தொழிலாளர் உயிரைக் கொடுத்து முன்னரே பெற்றனர்.

நிற்க. 1954ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி மாறிற்று. 1986ஆம் வருஷத்தில் ரோடியர் ஆலை புதுவைச் சர்க்காரின் சொத்தாயிற்று. ஆயினும் பழைய யந்திரங்களும் நஷ்டமும் அதை விடவில்லை. 2011ஆம் வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி வீசிய தானே புயல் பெருஞ்சேதம் விளைவித்தது. அதன்பின் ஆலை தலைநிமிரவில்லை. மூடிய பின்னரும் பணிக்கொடை நிலுவைக்காகத் தொழிலாளர் வீதியில் நிற்க நேர்ந்தது.

ஆலையை அடுத்த திடலுக்கு மட்டும் ஓய்வில்லை. கண்காட்சி, அரசியல் பொதுக்கூட்டம் எல்லாம் அங்கே நடந்தன. 2024ஆம் வருஷத்தில் பஸ் நிலையம் திருத்திக் கட்டப்பட்டபோது பஸ்களும் அங்கே வந்து நின்றன. இவற்றை நாம் குறைகூறவில்லை. பொது இடம் பொதுக் காரியத்துக்குப் பயன்படுவது நன்றே. ஆனால் திடலுக்கு உபயோகம் கிடைத்ததேயன்றிக் கட்டடத்துக்குக் கிடைக்கவில்லை. உபயோகமற்ற கூரை வெகுநாள் நிற்காது. கூரை விழுந்த பின், "இடிந்தது போகட்டும், நிலத்தை விற்றுவிடலாம்" என்று யோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள்.

வெளியூர் அனுபவம் நமக்குப் பாடமாகுக. பம்பாயில் 1982ஆம் வருஷத்து மகா வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. ஆலை நிலத்தில் மூன்றிலொரு பங்கு திறந்தவெளிக்கும், மூன்றிலொரு பங்கு பொது வீட்டு வசதிக்கும் சேரவேண்டும் என்று 1991ஆம் வருஷத்து விதி கூறிற்று. 2001ஆம் வருஷத்தில் அவ்விதி கட்டடமில்லாத காலி நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 2006ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டும் அத்திருத்தத்தை ஒப்புக்கொண்டது. ஒரு சிறு வாசகம் ஏழைகளின் பங்கை விழுங்கிற்று. சென்னைப் பெரம்பூரில், 1918ஆம் வருஷத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமாயிருந்த பின்னி ஆலைகள் மூடியபின் சினிமாப் படப்பிடிப்புக் களமாயின. பின்னர் அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன.

அவ்விடங்களில் நிலம் தனிப்பட்ட முதலாளிகள் கையிலும் இருந்தது. அவர்கள் லாபம் தேடினர் என்றாவது சொல்லலாம். ரோடியர் ஆலையோ ஜனங்களின் சொத்து. லாப நோக்கம் என்ற சாக்கு சர்க்காருக்குப் பொருந்தாது.

ஆகவே நம் அபிப்பிராயம் இதுவே. முதலாவது, உழைத்தவர்களின் பாக்கியில் ஒரு காசும் மிஞ்சலாகாது. அதற்குமுன் புதிய திட்டத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டுவது அழகன்று. இரண்டாவது, நிலம் எக்காரணத்தாலும் விற்கப்படலாகாது. மூன்றாவது, நெசவுக் கூடங்களில் ஒன்றையேனும் யந்திரங்களோடு காத்து, தொழிலாளர் சரித்திரத்தைக் காட்டும் பொருட்காட்சிசாலையாக்க வேண்டும். மற்றவற்றில் இவ்வூர் இளைஞருக்குத் தொழிலும் பயிற்சியும் தரும் ஸ்தாபனங்கள் ஏற்பட வேண்டும்.

கட்டடம் வேறு வேலைக்கு மாறுவது பாபமன்று. அந்த வேலை யாருக்காக என்பதே கேள்வி. 12 உயிர்களைக் கொடுத்த ஜனங்கள் அதற்கு விடை கேட்க உரிமையுடையவர்கள். சர்க்கார் விடை சொல்லட்டும்.